இரகசியக் கூடத்தின் சாவி யார் கையில்?

காஞ்சீபுரம் ஜில்லாவில், தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையில் மணிமங்கலம் என்னும் ஊர் இருக்கிறது. சரித்திரம் பயின்றோருக்கு அப்பெயர் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் முறியடித்த களங்களுள் ஒன்றாக மணிமங்கலத்தைக் கூரம் செப்பேடு கூறுகிறது. அவ்வூரிலுள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் காலத்துச் சாசனங்கள் பல வெட்டப்பட்டிருக்கின்றன. வீரராஜேந்திரன் கூடல்சங்கமத்தில் பெற்ற வெற்றியை விவரிக்கும் சாசனமும் அவற்றுள் ஒன்று. பெற்ற வெற்றி எது, அளித்த தானம் எது, அதற்குரிய நிலம் எது என்பவற்றை ஜனங்கள் அறியவேண்டுமென்று அரசர்கள் கருதினார்கள். ஆகையால் கல்லில் வெட்டுவித்துப் பொதுவிடத்தில் நிறுத்தினார்கள். அடுத்த போருக்குப் படை எந்த வழியாகப் புறப்படும் என்பதை எவரும் கல்லில் வெட்டிவைத்ததில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லுவதும், மறைக்கவேண்டியதை மறைப்பதும் ஒரே ராஜநீதியின் இரு பகுதிகள்.

இன்று அதே மணிமங்கலத்தைச் சுற்றி வேறு வகையான சுவர்கள் எழுந்திருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் மோட்டார்களும் செல்போன்களும் யந்திர உறுப்புகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. வல்லம்–வடகாலில் விமானத் தொழிலுக்கென்றே தனிப் பேட்டை ஒன்று ஏற்பட்டிருக்கிறது. மத்திய சர்க்கார் 2018–19ஆம் ஆண்டு பட்ஜெட்டில் ராணுவத் தளவாட உற்பத்திக்கென இரண்டு தொழில் வழித்தடங்களை அறிவித்தார்கள். ஒன்று உத்தரப் பிரதேசத்துக்கும் மற்றொன்று தமிழ்நாட்டுக்கும் கிடைத்தது. 2019 ஜனவரி 20ந் தேதி திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாட்டு வழித்தடத்துக்குச் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்தும் கேந்திரங்கள். சென்னைக் கேந்திரத்தின் தொழில்கள் வளருமிடங்களில் மணிமங்கலத்தைச் சூழ்ந்த இப்பிரதேசமும் சேரும் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

தொழில் வளர்வது நமக்குச் சந்தோஷமே. ஆனால் அதனுடன் ஒரு பெரிய பொறுப்பும் வருகிறது. தேசத்தின் யுத்த இரகசியங்கள் ஆவடியிலும் அருவங்காட்டிலும் சர்க்கார் மதில்களுக்குள் அடங்கியிருந்த காலம் போய்விட்டது. 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் ராணுவ உற்பத்தி தனியார் கம்பெனிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆர்டினன்ஸ் பாக்டரி போர்டு 2021 அக்டோபர் 1 முதல் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது; அவற்றுள் கவச வாகனங்கள் செய்யும் கம்பெனிக்கு ஆவடியே தலைமை ஸ்தானம். இனிமேல் பீரங்கியின் ஓர் உறுப்புக்கோ, விமானத்தின் ஒரு சட்டத்துக்கோ உரிய வரைபடம் ஒரு சாதாரண தொழிற்பேட்டையிலுள்ள கொட்டகைக்கு வந்துசேரக்கூடும். அந்த வரைபடம் வைக்கப்பட்ட அறைக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று தீர்மானிப்பவர் யார்? இக்கேள்வி போலீஸாருக்கும் கம்பெனி முதலாளிகளுக்கும் மட்டும் உரியதென்று நமது வாசகர்கள் நினைத்துவிடக்கூடாது. தேசத்தின் பாதுகாப்பும் பிரஜைகளின் சுதந்திரமும் ஒரே வாசலில் சந்திக்கும் விஷயம் இது.

காவலின் படிகள்

இரகசியத்தைக் காப்பது புதிய சாஸ்திரமன்று. வள்ளுவர் அரணுக்கு ஓர் அதிகாரமும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், மந்திராலோசனை நடக்குமிடம் பறவைகளும் எட்டிப்பார்க்க முடியாததாக இருக்கவேண்டும் என்கிறது. கிளியும் மைனாவும்கூட ஆலோசனையை வெளியிட்டதாகக் கேள்வி என்று எச்சரிக்கிறது. மறைந்துபோயிற்று என்று கருதப்பட்ட அந்நூலின் ஓலைச்சுவடியை மைசூர்ப் புத்தகசாலைக்குக் கொடுத்தவர் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் என்பதும், அதை 1909ஆம் ஆண்டில் அச்சிட்டவர் ஷாமசாஸ்திரி என்பதும் நாம் பெருமைப்படத்தக்க செய்திகள்.

இக்காலத்து முறையும் அடிப்படையில் அதுவே. இந்திய சர்க்காரின் இரகசியத் தஸ்தாவேஜுகள் அதிபரம இரகசியம், பரம இரகசியம், அந்தரங்கம், கட்டுப்படுத்தப்பட்டது என்ற நான்கு தரங்களாகப் பிரிக்கப்படுகின்றன. வெளிப்பட்டால் எவ்வளவு தீங்கு விளையும் என்பதே தரத்தை நிர்ணயிக்கும் அளவுகோல். தரத்துக்கு ஏற்றபடி காவலும் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாய் அமைகிறது. முதல் வளையம் வெளி மதிலும் விளக்கும். இரண்டாவது, வந்தவர் யாரென்று பார்த்து, பெயரும் நேரமும் எழுதிக்கொள்ளும் வாசல். மூன்றாவது, அவ்வேலையில் உள்ளவர் மாத்திரம் நுழையக்கூடிய கட்டடம். நான்காவது, தஸ்தாவேஜு வைத்திருக்கும் இரும்பறை.

இந்நான்கில் கடைசி வளையத்துக்குரிய விதிகள் கேட்பதற்குச் சிறியவை, பலனில் பெரியவை. அறையைத் திறக்க இருவர் வேண்டும். ஒருவர் கையிலேயே இரண்டு சாவிகளும் இருக்கக்கூடாது. உள்ளே போகுமுன் செல்போனை வெளியே வைத்துவிடவேண்டும். வெளியாள் வந்தால் அவரோடு உள்ளாள் ஒருவர் கடைசிவரை இருக்கவேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எண் இருக்கவேண்டும். அந்த எண் யார் கையில் இருக்கிறதென்று ரிஜிஸ்தர் சொல்லவேண்டும். மாலையில் அறையைப் பூட்டுபவரும் பூட்டியதைச் சரிபார்ப்பவரும் வேறு வேறு நபர்களாக இருக்கவேண்டும். வேண்டாத பிரதியை அழிக்கும்போது சாட்சி ஒருவர் நிற்கவேண்டும். வேலையை விட்டுப் போகிறவரின் அடையாளச் சீட்டை அன்றே செல்லாததாக்கவேண்டும்.

இவ்வளவுக்கும் ஆணிவேரான கொள்கை ஒன்று உண்டு. ஒருவன் எவ்வளவு நம்பிக்கைக்குரியவனாயினும், எவ்வளவு உயர்ந்த பதவியிலிருந்தாலும், தன் வேலைக்கு அவசியமில்லாத இரகசியத்தை அவன் பார்க்கக்கூடாது. உத்தியோகத்தின் உயர்வு வாசலைத் திறக்கும் சாவியன்று. வேலையின் அவசியமே சாவி. இக்கொள்கை எங்கே தளர்கிறதோ அங்கே மதில் எவ்வளவு உயரமாயிருந்தாலும் பயனில்லை. இதை நாம் யூகத்தால் சொல்லவில்லை. நம் தேசம் அனுபவித்து அறிந்த உண்மை இது.

டெல்லி கற்பித்த பாடம்

1985ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தலைநகரைக் கலக்கிய உளவு வழக்கைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கூமர் நாராயண் என்பவர் ஒரு வியாபாரக் கம்பெனியின் டெல்லிப் பிரதிநிதி. மந்திரி காரியாலயங்களிலும் ராணுவ இலாகாவிலும் ஜனாதிபதி, பிரதமர் ஆகியோரின் காரியாலயங்களிலும் இருந்த அந்தரங்கக் காரியதரிசிகளையும் உதவியாளர்களையும் அவர் வசப்படுத்தினார். மாலையில் தஸ்தாவேஜு வெளியே போகும். அவருடைய காரியாலயத்தில் பிரதி எடுக்கப்படும். காலையில் அசல் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். பிரதிகள் அந்நிய நாட்டார் கைக்குப் போயின. பிரெஞ்சு ஸ்தானிகராலயத்தைச் சேர்ந்த ராணுவ அதிகாரி ஒருவர் தேசத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. பிரதமரின் பிரதம காரியதரிசியாயிருந்த பி. சி. அலெக்ஸாண்டர், தம் காரியாலயத்து ஊழியர்கள் சம்பந்தப்பட்டிருந்ததால் தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமாச் செய்தார். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் கவர்னராக வந்தவரும் அவரே. வழக்கோ மிகவும் நீண்டது. கீழ்க் கோர்ட்டு 2002ஆம் ஆண்டில்தான் பலரைத் தண்டித்தது. அதற்குள் கூமர் நாராயண் இறந்துபோயிருந்தார்.

இவ்வழக்கில் நாம் கவனிக்கவேண்டியது என்ன? அந்தக் காரியாலயங்களுக்கு மதில் இல்லையா? வாசலில் ஆயுதம் தாங்கிய சேவகர் இல்லையா? எல்லாம் இருந்தன. ஆனால் வாசற்காவல் உள்ளே வருகிறவனைச் சோதித்ததேயன்றி, வெளியே போகிற பையைச் சோதிக்கவில்லை. பெரிய உத்தியோகஸ்தரின் காரியதரிசியை யார் நிறுத்திக் கேட்பார்கள்? எஜமானரின் பதவி வேலைக்காரனுக்குக் கவசமாயிற்று. குறிப்பிட்ட தஸ்தாவேஜு இரவில் எங்கே இருந்தது என்று காலையில் ஒருவர் கேட்டிருந்தால், ஒரே வாரத்தில் வெளிப்பட்டிருக்கும். கேட்பது யாருடைய கடமை என்பது மட்டும் நிச்சயமாகவில்லை. கதவு உடைக்கப்படவில்லை, சுவர் துளைக்கப்படவில்லை. அனுமதி பெற்றவர்களே அனுமதிக்கப்பட்ட வழியாக எடுத்துச் சென்றார்கள். இரகசியக் களவின் சாதாரண முகம் இதுதான்.

கூலியாளும் கண்டிராக்டரும்

மணிமங்கலத்தாருக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கொச்சியில் இருக்கிறது. நமது தேசம் சொந்தமாகக் கட்டிய முதல் விமானந்தாங்கிக் கப்பலாகிய விக்ராந்த், கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் நிர்மாணத்திலிருந்தபோது, 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் அதிலுள்ள கம்ப்யூட்டர்களின் உட்பாகங்கள் களவு போயிருப்பது தெரியவந்தது. அந்நியச் சதியாயிருக்குமோ என்று தேசமே திடுக்கிட்டது. தேசியப் புலனாய்வு முகமையார் 2020 ஜூன் மாதத்தில் இருவரைக் கைதுசெய்தார்கள். கப்பலில் வர்ணம் பூசுவதற்குக் கண்டிராக்டரிடம் கூலிக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளிகள் அவர்கள். பணத்துக்காகத் திருடியதாகவே விசாரணையில் கூறப்பட்டது.

இதைக் கேட்டவுடன், "கூலியாட்களை நம்பக்கூடாது, இன்னும் கடுமையாகச் சோதிக்கவேண்டும்" என்று சொல்லப் பலர் முன்வருவார்கள். அது பாதி உண்மைகூட அன்று. வர்ணம் பூசுகிறவன் வர்ணம் பூசவேண்டிய இடத்தில் இருந்தான். அங்கே கழற்றி எடுக்கக்கூடிய நிலையில் கம்ப்யூட்டர்கள் இருந்தன. கழற்றியது வெளியே போயிற்று. போனது உடனே தெரியவில்லை. இவை மூன்றும் மேலே இருப்பவர்கள் அமைத்த ஏற்பாட்டின் குறைகள். வேலை நடக்கும் அறையும் இரகசியம் இருக்கும் அறையும் வேறாகவேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருக்க நேரும்போது, இரகசியப் பொருள் முத்திரையிடப்பட்டிருக்கவேண்டும். ஒவ்வொரு வேளை மாறும்போதும் அது எண்ணப்படவேண்டும். தொழிலாளியைச் சந்தேகிப்பது சுலபம். பொருளை எண்ணுவதுதான் காவல்.

கண்டிராக்ட் முறையின் ஆபத்து கூலியாளோடு நிற்பதில்லை. பிரெஞ்சு உதவியுடன் பம்பாய் மஜகான் தளத்தில் நமது கடற்படைக்காகக் கட்டப்பட்ட ஸ்கார்ப்பீன் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றிய 22,000க்கு மேற்பட்ட பக்கங்கள் வெளியேறியிருப்பதை 2016 ஆகஸ்டில் ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்தியது. கசிவு ஏற்பட்டது இந்தியாவிலன்று, வெளிநாட்டில் என்பதே நமது கடற்படையாரின் கருத்து. தாங்கள் களவுக்கு ஆளானதாகப் பிரெஞ்சுத் தரப்பார் கூறினார்கள். நம் வாசலில் நூறு பூட்டுகள் இருக்கலாம். ஆனால் அதே வரைபடத்தின் பிரதி எங்கோ ஒரு கம்பெனியிடமிருந்து வெளியேறினால், நம் பூட்டுகள் அத்தனையும் வீண். இரகசியத்தின் பலம், அதை வைத்திருப்பவர்களுள் மிகவும் அசட்டையானவரின் பலத்துக்கு மேற்பட்டதன்று. ஒரு பெரிய கம்பெனி பத்துச் சிறிய கம்பெனிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஒரகடம் போன்ற இடங்களில் இப்பாடத்தை முதலில் படிக்கவேண்டும்.

செங்கலில்லாத சுவர்

இன்று இரகசியம் காகிதத்தில் மட்டும் இல்லை. கம்பியின் வழியாகவும் கம்பியில்லாமலும் அது பிரயாணம் செய்கிறது. ஆகையால் சுவரும் இருவகைப்பட்டது. கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சேர்ந்த ஒரு கம்ப்யூட்டரில் தீய நிரல் புகுந்திருந்ததை இந்திய அணுசக்திக் கழகத்தார் 2019 அக்டோபர் 30ந் தேதி ஒப்புக்கொண்டார்கள். அது நிர்வாக வேலைக்கான வலையைச் சேர்ந்த கம்ப்யூட்டர் என்றும், நிலையத்தை இயக்கும் அமைப்பு அதனோடு சம்பந்தமின்றித் தனித்திருக்கிறது என்றும் அவர்கள் விளக்கினார்கள். இரண்டு வலைகளையும் பிரித்துவைத்திருந்ததன் மதிப்பு அன்று தெரிந்தது. பிரிப்பது என்பதே இங்கே மதில். ஆனால் வேலையாள் ஒருவன் தன் சௌகரியத்துக்காகச் சட்டைப்பையிலுள்ள சிறு கருவியை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து மற்றொன்றில் செருகினால், அந்த மதிலில் ஒரு நொடியில் வாசல் உண்டாகிவிடும். இரும்பறைக்குள் செல்போன் கூடாது என்ற விதியை வேடிக்கையாக நினைப்பவர்கள், இன்றைய செல்போன் காமிராவும் ஒலிப்பதிவும் தபாலாபீசும் சேர்ந்த ஒரே பொருள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நம் அருகே நேர்ந்த விபரீதம்

வாசற்காவல் தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு மணிமங்கலத்தார் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அவர்கள் பக்கத்து ஊராகிய ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21ந் தேதி இரவு நடந்ததை உலகமே அறியும். அங்கே காக்கப்பட்டது காகிதமன்று, ஓர் உயிர். ஆயினும் பாடம் ஒன்றே. மாலையிட வந்தவர்களோடு கலந்து, உடலில் வெடிகுண்டு கட்டிய பெண் ராஜீவ் காந்தியை நெருங்கினாள். அவருடன் போலீஸ் உத்தியோகஸ்தர்களும் பொதுஜனங்களும் மாண்டனர். பாதுகாப்புக் குறைபாடுகளை ஆராய நியமிக்கப்பட்ட நீதிபதி வர்மா கமிஷன், அதிகாரிகளிடத்திலும் கூட்டத்தை ஏற்பாடு செய்த கட்சிக்காரர்களிடத்திலும் குறை கண்டது.

இதில் நம் அரசியல் தொண்டர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டிய விஷயம் இருக்கிறது. கட்டை கட்டி, எல்லை வகுத்து, இன்னார் மாத்திரம் உள்ளே வரலாம் என்று நிர்ணயித்த பிறகு, "அவர் நம்முடைய ஆள், விடு" என்ற ஒரு வார்த்தையால் அந்த எல்லை அழிந்துவிடுகிறது. நம் நாட்டில் வாசலில் நிற்கும் காவலாளியை மீறிப்போவதே பெரியமனிதத்தனம் என்று ஒரு எண்ணம் ஊறியிருக்கிறது. "நான் யார் தெரியுமா?" என்று கேட்பவனைத் தடுக்கத் துணிந்த காவலாளிக்கு மறுநாள் வேலை இருப்பதில்லை. இந்த மனோபாவம் இருக்கும்வரை எந்தக் காமிராவும் எந்தக் கைரேகை யந்திரமும் நம்மைக் காக்கமாட்டா. தம் சீட்டைத் தாமே எடுத்துக் காட்டும் தலைவரும், பெட்டியைத் தாமே திறந்துவைக்கும் முதலாளியும்தான் உண்மையில் அவ்வாசலைக் காப்பவர்கள்.

பூட்டின் மறுபக்கம்

இதுவரை பூட்டின் அவசியத்தைச் சொன்னோம். பூட்டின் அபாயத்தையும் சொல்லாவிட்டால் நம் கடமையில் பாதியே செய்தவர்களாவோம். நமது தேசத்தின் இரகசியச் சட்டம் அந்நிய ஆட்சியில் பிறந்தது. கில்கிட், காஷ்மீர் சம்பந்தமான அரசாங்கத் தஸ்தாவேஜு ஒன்றை 1889 அக்டோபரில் கல்கத்தாவின் அம்ருதபஜார் பத்திரிகை வெளியிட்டது. அதே மாதத்தில் லார்டு லான்ஸ்டவுன் சர்க்கார் இரகசியச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார்கள். லார்டு கர்ஸன் அதை ராணுவ விஷயங்களுக்கு அப்பாலும் விரிக்க முற்பட்டபோது, 1903 டிசம்பரில் சட்டசபையில் எழுந்து எதிர்த்தவர் கோபால கிருஷ்ண கோகலே. அப்படியும் 1904ல் திருத்தம் நிறைவேறிற்று. பின்னர் 1923ஆம் ஆண்டில் ஏற்பட்ட சட்டமே இன்றும் அமலிலிருக்கிறது.

அச்சட்டத்தில் நியாயமான பகுதிகளும் உண்டு. தேசத்துக்குத் தீங்கான நோக்கத்தோடு தடுக்கப்பட்ட இடத்தை அணுகுவதும், அதன் படத்தை வரைவதும் குற்றம். ராணுவ ஸ்தாபனங்கள் சம்பந்தமானால் தண்டனை 14 ஆண்டுவரை செல்லும். பொய்ச் சீருடை அணிந்தோ, கள்ள அனுமதிச் சீட்டைக் காட்டியோ நுழைவதும் குற்றம். இவற்றை எந்தச் சுதந்திர தேசமும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எது இரகசியம் என்று தெளிவாக வரையறுக்காமலே அதை வெளியிடுவோரைத் தண்டிக்கும் ஐந்தாவது ஷரத்து, உத்தியோகஸ்தரின் தவறை மூடும் போர்வையாகவும் உதவக்கூடும். 2005ஆம் ஆண்டில் ஏற்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு ஒரு மாற்று அளித்தது. இரகசியத்தால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதால் விளையும் பொது நன்மை மிகுதியானால், இரகசியச் சட்டம் இருந்தாலும் தகவலைக் கொடுக்கலாம் என்று அது கூறுகிறது.

2019ஆம் ஆண்டில் ரபேல் விமானக் கொள்முதல் பற்றிய குறிப்புகளைச் சென்னையிலிருந்து வெளிவரும் 'ஹிந்து' பத்திரிகை பிரசுரித்தபோது, இக்கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ராணுவ இலாகாவிலிருந்து தஸ்தாவேஜுகள் களவு போயின என்று மார்ச் மாதத்தில் அட்டர்னி ஜெனரல் கூறினார்; பிறகு, வெளியானவை அசல்களின் பிரதிகளே என்று விளக்கினார். அவற்றைக் கோர்ட்டு பார்க்கவே கூடாது என்ற சர்க்காரின் ஆட்சேபத்தை மூன்று நீதிபதிகளும் ஏப்ரல் 10ந் தேதி ஏகமனதாக நிராகரித்தார்கள். நவம்பரில் மறுபரிசீலனை மனுக்களும் தள்ளுபடியாயின. விமானக் கொள்முதலின் நியாயம் வேறு விவகாரம். நமக்கு இங்கே முக்கியமானது இதுவே: இரகசியம் என்ற முத்திரை மட்டும் நியாயஸ்தலத்தின் கதவை அடைத்துவிட முடியாது.

முத்திரையை அளவுக்கு மீறிக் குத்துவதால் காவலும் கெடுகிறது. ஆபீசிலுள்ள காகிதம் எல்லாவற்றிலும் "இரகசியம்" என்று போட்டால், குமாஸ்தா எந்தக் காகிதத்தையும் இரகசியமாக மதிக்கமாட்டார். ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தியைப் பூட்டிவைப்பவர், தெரியக்கூடாத செய்திக்குப் பூட்டு இல்லாமல் தவிப்பார். மறைப்பதைக் குறைத்தால்தான் மறைப்பதைக் காக்கமுடியும்.

இன்னொன்றும் உண்டு. ஒழுங்கான ரிஜிஸ்தர் களவைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமன்று, குற்றமற்றவனைக் காப்பதற்கும் சாதனம். விண்வெளி ஆராய்ச்சி விஞ்ஞானி நம்பி நாராயணன், இரகசியங்களை அந்நியருக்கு விற்றதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்டு 1994 நவம்பர் 30ந் தேதி கைதுசெய்யப்பட்டார். மத்தியப் புலனாய்வுத் துறையார் 1996ல் அக்குற்றச்சாட்டு பொய்யென்று கண்டார்கள். அவர் அடைந்த துன்பத்துக்கு 50 லக்ஷம் ரூபாய் நஷ்ட ஈடு அளிக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டபோது தேதி 2018 செப்டம்பர் 14. இடையில் கழிந்த 24 ஆண்டுகளை எந்தக் கோர்ட்டாலும் திருப்பித்தர முடியாது. "இரகசியம் போயிற்று" என்று எவர் கூறினாலும், எந்தப் பிரதி, எந்த எண், கடைசியாக யார் கையில் என்ற மூன்று கேள்விகளுக்கு முதல் நாளே விடை கேட்கும் வழக்கம் வேண்டும். அந்த விடை இல்லாத இடத்தில் வதந்தி சாட்சியாகிவிடுகிறது.

செய்யவேண்டியவை

ராணுவ உற்பத்தி லைசென்ஸ் பெறும் தனியார் கம்பெனிகளுக்கென்று மத்திய சர்க்கார் 2014ஆம் ஆண்டில் ஒரு பாதுகாப்புக் கையேட்டை வெளியிட்டார்கள். செய்யப்படும் பொருளின் முக்கியத்துவத்துக்கு ஏற்பக் கம்பெனிகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காவல் வேண்டுமென்று அது வகுத்தது. எல்லோருக்கும் ஒரே பூட்டு என்று சொல்லாமல், பொருளுக்கேற்ற பூட்டு என்று சொன்னது அறிவுடைமை. ஆனால் கையேடு அலமாரியில் இருப்பதாலேயே வாசல் காக்கப்பட்டுவிடாது.

முதலாவதாக, வாசலில் நிற்கும் மனிதனைப் பற்றிச் சிந்திக்கவேண்டும். கோடிக்கணக்கான ரூபாய் விலையுள்ள யந்திரங்களுக்கும், விலைமதிக்க முடியாத வரைபடங்களுக்கும் காவலாக நிற்பவன் பெரும்பாலும் யாரோ ஒரு கண்டிராக்டரின் குறைந்த சம்பளக்காரன். 2005ஆம் ஆண்டில் தனியார் காவல் நிறுவனங்களுக்கென்று ஒரு சட்டம் ஏற்பட்டது. அதன்கீழ் மத்திய சர்க்கார் வகுத்த மாதிரி விதிகள், காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டுமென்றன. இந்தப் பயிற்சி காகிதத்தில் முடிகிறதா, உண்மையில் நடக்கிறதா என்று ஒவ்வொரு தொழிற்சாலையும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும். பயிற்சியும் நியாயமான ஊதியமும் இல்லாத காவலாளியிடம் தேச இரகசியத்தை ஒப்படைப்பது, வைக்கோற் கதவுக்கு வெள்ளிப் பூட்டுப் போடுவதாகும். அவன் விதிப்படி ஒரு பெரியமனிதரைத் தடுத்தால், அவனுக்குத் துணைநிற்பது நிர்வாகத்தின் கடமை.

இரண்டாவதாக, தொழிலாளரின் கௌரவத்தைக் காக்கவேண்டும். சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வடநாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் இவ்வாசல்களில் தினந்தோறும் நுழைகிறார்கள். பெண்களைப் பெண்களே சோதிக்கவேண்டும். மறைவான இடத்தில் சோதிக்கவேண்டும். என்ன காரணத்துக்காகச் சோதிக்கிறோம் என்பதை அவரவர் மொழியில் எழுதி வைக்கவேண்டும். அவமானப்பட்டு உள்ளே போகிறவன் அந்த இரகசியத்தைத் தன்னுடையதாக நினைக்கமாட்டான். தேசத்தின் பொருளை நாம் காக்கிறோம் என்ற உணர்ச்சியுள்ள தொழிலாளி, எந்தக் காமிராவும் பார்க்காததைப் பார்ப்பான். பார்த்ததை அச்சமின்றிச் சொல்லவும் முன்வருவான். காவல் என்ற பெயரால் சங்கம் கூடுவதையும் குறை சொல்லுவதையும் தடுக்கும் நிர்வாகம், கொடுத்த அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்கிறது.

மூன்றாவதாக, மதிலுக்கு வெளியே உள்ள ஊருக்கு உரியதை மதிலுக்குள் மறைக்கக்கூடாது. ஏரியில் விடப்படும் நீர் எத்தகையது, கிடங்கிலுள்ள இரசாயனம் எத்தகைய ஆபத்தை உண்டாக்கும், தீப்பிடித்தால் ஊரார் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பவை யுத்த இரகசியங்கள் அல்ல. இவை ஊராட்சி அலுவலகத்தில் எவரும் படிக்கும்படி இருக்கவேண்டும். பீரங்கியின் அளவைக் கேட்க மணிமங்கலத்தாருக்கு உரிமையில்லை. தங்கள் கிணற்று நீரைப் பற்றிக் கேட்க முழு உரிமையுண்டு.

நான்காவதாக, எது இரகசியம் என்று முத்திரையிடும் அதிகாரிக்குக் காலவரம்பு வேண்டும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இத்தஸ்தாவேஜை மறுபடி பார்ப்போம். காரணம் தீர்ந்திருந்தால் பூட்டைத் திறப்போம் என்று முத்திரையிடும்போதே எழுதிவைக்கவேண்டும். முடிவில்லாத இரகசியம் எந்த ஜனநாயகத்துக்கும் பொருந்தாது.

தேசத்தொண்டில் ஈடுபட்ட நம் வாசகர்கள் இரண்டு கூட்டத்தாரின் பேச்சுக்கும் செவிசாய்க்கக்கூடாது. எல்லாவற்றையும் திற என்பவர்கள் ஒரு கூட்டம். எல்லாவற்றையும் மூடு என்பவர்கள் மற்றொரு கூட்டம். முந்தியவர்கள் பகைவனை மறந்தார்கள். பிந்தியவர்கள் பிரஜையை மறந்தார்கள். தேசத்தின் இரகசியம் பிரஜைகளின் சொத்து. உத்தியோகஸ்தர்களும் கம்பெனிகளும் அதன் தர்மகர்த்தாக்கள் மாத்திரமே. ஆகவே மறைக்கத் தகுந்தவை சிலவேயாகட்டும். அச்சிலவற்றின் கதவு, வேலையில்லாத எவருக்கும், மந்திரியாயினும் முதலாளியாயினும், திறவாதிருக்கட்டும். மீதியெல்லாம் மக்கள் கண்முன் இருக்கட்டும். ஒரகடத்திலும் மணிமங்கலத்திலும் புதிதாக எழும் ஒவ்வொரு வாசலிலும் இவ்விரண்டு விதிகளையும் ஒருங்கே நிலைநாட்டும்படி சர்க்காரையும் தொழிலதிபர்களையும் நாம் வற்புறுத்துகிறோம்.